ஒன்பதாம் நம்பர் டோக்கன்

மாலை ஆறு இருபது. பாய்லர் ஷெட்டின் பின்கேட்டிலிருந்து குடியிருப்புக்குப் போகிற ரோடு. ஒரு பக்கம் சாம்பல் மேடு, மறுபக்கம் கம்பி வேலி. விளக்குக் கம்பம் ஏழு இருக்கும், எரிவது இரண்டு. கம்பெனி லாரி போய்விட்டால் அந்த நேரத்துக்கு அங்கே ஈ காக்கை இருக்காது.

அந்த ரோட்டில் ஒருத்தர் தனியாக, வேகவேகமாக நடந்து போகிறார். வெளுத்த சட்டை. கால்சட்டைப் பையில் ஒரு பித்தளை டோக்கன். நடக்க நடக்க அது சாவிக்கொத்தில் பட்டு... டிங்... டிங்...

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர் கதவைச் சாத்த வேண்டாம். திறந்தே கிடக்கட்டும். குளிர்ந்தால் குளிரட்டும்.

இது எங்கோ யாருக்கோ நடந்தது இல்லை. நம்ம வெல்டர் இருக்கிறாரே, அவருடைய சகலைக்கு நடந்தது. வெல்டர் இதைச் சொன்னது ஒரே ஒரு தடவை. சொல்லி முடித்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தார்.

சகலைக்கு வேலை, பாய்லர் வாயில் உட்காருவது. ஷெட்டில் அவரை வாசல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லரை அணைத்து, ஆறப்போட்டு, உள்ளே ஆள் இறங்கி உப்புப் படிவைக் கொத்தி எடுப்பார்கள். இறங்க ஒரே ஓட்டை. அகலம் ஒரு ஆளின் தோள் அளவு... அதுவும் ஒல்லியான ஆள். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பலகை, பலகையில் பன்னிரண்டு ஆணி. உள்ளே போகிறவன் தன் நம்பர் போட்ட டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். தொங்கினால் ஆள் உள்ளே. எடுத்தாயிற்று என்றால் ஆள் வெளியே. பலகை காலியானால்தான் மூடியைப் போட்டுப் பதினாறு போல்ட்டையும் முறுக்கலாம். ஒரு டோக்கன் தொங்கினாலும் வாசல்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்து, கடைசி மூலை வரைக்கும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

உள்ளே இருப்பவன் கத்தினால் வெளியே புரியாது. எல்லாம் எதிரொலிதான். அதனால் சுத்தியல்தான் பேச்சு. இரண்டு தட்டு என்றால், நன்றாக இருக்கிறேன். மூன்று தட்டு என்றால், திற, என்னை வெளியே எடு.

ஒன்பதாம் நம்பர்காரனுக்கு ஷெட்டில் வைத்த பெயர் மறதி. வேலையில் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் போகப் பயப்படுகிற கடைசி மூலைக்கு அவன்தான் போவான். ஒரே ஒரு கெட்ட பழக்கம். வெளியே வரும்போது டோக்கனை எடுக்காமல் அப்படியே வீட்டுக்குப் போய்விடுவான். மூன்று தடவை போயிருக்கிறான். மூன்று தடவையும் வாசல்காரர் உள்ளே ஊர்ந்து, அரைமணி நேரம் தேடி, கரியில் புரண்ட எருமையாக வெளியே வந்தார். மறுநாள் காலையில் மறதி பல்லைக் காட்டுவான்.

"அண்ணே, நேத்து என்னைய ரொம்பத் தேடுனீங்களாமே. என் பொண்டாட்டிகூட அப்படித் தேடுனதில்ல."

ஷெட்டே சிரிக்கும். வாசல்காரர் சிரிக்க மாட்டார்.

அன்றைக்குக் கொத்து வேலையின் கடைசி நாள். மறுநாள் காலை பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஐந்தரைக்கு ஒவ்வொருத்தனாக வெளியே வந்தான். தன் டோக்கனைப் பிடுங்கினான், லாரிக்கு ஓடினான். அடுத்தவன் ஆணியை எவனும் பார்ப்பதில்லை. பார்ப்பது வாசல்காரரின் வேலை. அவர் குழாயடியில் கைகால் கழுவி, வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் வைக்க வேண்டும். மூன்று நாளாக ஷிப்டைக் காட்டித் தள்ளிப்போட்டாயிற்று. "இன்னைக்கும் வைக்கலேன்னா உங்ககூட டூ" என்று மகள் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரும்பினார். பலகையில் ஒன்று தொங்கியது.

ஒன்பது.

"போயிட்டான் நாயி, மறுபடியும்" என்றார்.

ஓட்டைக்குள் தலையை நீட்டி இரண்டு குரல் கொடுத்தார். ஸ்பேனரால் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். காதை வைத்தார். பக்கத்துப் பாய்லர் எரிகிற உறுமல். வேறொன்றும் இல்லை. முந்தின ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்த்த ஒருத்தன் கடைசி மூலையில் குழாய்களுக்கு நடுவே கண்ணசந்து கிடக்கலாம் என்பது அவர் புத்தியில் வரவில்லை. வந்ததோ என்னவோ... விளக்கு காலடியில்தான் இருந்தது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். துவைத்துத் தேய்த்த சட்டை.

அவ்வளவுதான். ஒரு சட்டை.

டோக்கனைக் கழற்றிப் பையில் போட்டார். காலையில் மறதியின் மூஞ்சியில் எறிந்துகொள்ளலாம். மூடியைத் தூக்கிப் பொருத்தினார். பதினாறு போல்ட். ஒவ்வொன்றையும் கடைசிச் சுற்று வரைக்கும் முறுக்கினார். வேலையில் அவர் சுத்தம்.

வீடு ஒற்றை அறை. ஓர் ஓரம் அடுப்பு, ஓர் ஓரம் படுக்கை. நடுவில் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி. பெட்டிக்கு மேல் மனைவியின் கை தையல் மிஷின். பதினொரு மாதம் மரம் அந்தப் பெட்டிக்குள் தூங்கும். மரத்தை எடுக்க வேண்டுமென்றால் மிஷினைத் தரையில் இறக்க வேண்டும். மிஷின் தரையில் இருக்கிறவரை தையல் ஓடாது. மரம் வைக்கிற அன்றைக்கு மனைவிக்குக் கொஞ்சம் சிடுசிடுப்பு இருக்கும், அது அதனால்தான்.

"வந்துட்டாரு பெரிய மனுஷன்" என்றான் மச்சான். மனைவியின் தம்பி, பெயிண்டர். "மாமா, இந்த மரத்துக்கு ஒரு கை இல்ல. போன வருஷம் நீங்க மிதிச்சது."

"அந்தப் பக்கத்தச் சுவத்தப் பாத்துத் திருப்பி வைடா."

"சுவத்துப் பக்கம் ஏற்கெனவே ரெண்டு கை இல்ல மாமா."

பிளாஸ்டிக் மரம். இடுப்பு உயரம். தையலில் மிஞ்சிய துணி நறுக்கு, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள், ஷெட்டில் உரித்த கலர் வயர். அப்புறம் டோக்கன்கள். ஷெட்டில் மிஞ்சிய பித்தளை வில்லையில் வாசல்காரர் தன் கையாலேயே நம்பர் அடித்தவை. அவருக்கு ஒன்று, மனைவிக்கு இரண்டு, மச்சானுக்கு மூன்று, மகளுக்கு நான்கு. வீட்டிலும் அதே சட்டம்தான். மரத்தில் தொங்கினால் ஆள் வீட்டுக்குள். வெளியே போனால் கழற்றிக்கொண்டு போக வேண்டும். ஆறு வயது மகள் இதை மேஸ்திரி மாதிரி நடத்துவாள். பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனாலும் நான்கைக் கழற்றிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவாள். நாளாக ஆக மனைவிக்கும் அதுவே பழகிவிட்டது. குட்டி உள்ளே இருக்கிறாளா என்று தெரிய வேண்டுமென்றால் அறையைப் பார்க்க மாட்டாள். மரத்தைப் பார்ப்பாள்.

காலியான பெட்டிக்குள் குட்டி இறங்கிச் சுருண்டு படுத்தாள்.

"அப்பா, நான் பாய்லர்ல இருக்கேன். மூடுங்க."

மூடினார். உள்ளேயிருந்து டக், டக்.

"நல்லா இருக்காளாம்" என்றான் மச்சான்.

அப்புறம் டக், டக், டக். திறந்தார். வியர்த்த முகத்தோடு சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

"அந்த வெளையாட்டு வேணாம்னு எத்தன தடவ சொல்றது" என்றாள் மனைவி. "மூடுனா கொண்டி தானா விழுது. வெளியிலேர்ந்து தூக்குனாதான் உண்டு."

"வாசல்காரர் பொண்ணுக்கா வழி தெரியாது" என்றான் மச்சான்.

"கலர் வயர் என் பையில இருக்கு, எடுத்துட்டு வா" என்று மகளிடம் சொன்னார் வாசல்காரர். ஆணியில் தொங்கிய கால்சட்டைக்குள் அவள் கையை விட்டாள்.

"இது புதுசா இருக்கே. ஒன்பது யாருப்பா?"

அவர் அதை மறந்தே போயிருந்தார். "அது வேல டோக்கன். குடு இங்க."

அதற்குள் மாட்டிவிட்டாள். எட்டுகிற கிளையிலேயே உயரமான கிளையில். தள்ளி நின்று பார்த்தாள்.

"அப்ப ஒன்பதும் நம்ம வீட்டுக்குள்ள இருக்காரா?"

"இருந்தா ஒரு கை பிடிக்கச் சொல்லு" என்றான் மச்சான். "இந்த மரம் நிக்கவே மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். மனைவிகூடச் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய இடத்தில்...

டக். டக். டக்.

மச்சான் கதவைத் திறந்து பார்த்தான். யாரும் இல்லை.

டக். டக். டக்.

இரும்பில் இரும்பு படுகிற சத்தம். தூரத்துச் சத்தம் மாதிரியும் இருந்தது, காதுக்குள்ளே மாதிரியும் இருந்தது. கூடவே ஒரு வாடை. நனைந்த கரி, துரு, ஆள் வியர்வை. அந்த வாடையை வாசல்காரருக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

"என்னங்க அது?" என்றாள் மனைவி.

"பைப்பு" என்றார். "மாடிக்காரன் தண்ணி தெறந்திருப்பான். காத்து அடைச்சா இப்படித்தான் தட்டும்."

சொல்லிவிட்டு, சுவரோரம் போகிற தண்ணீர்க் குழாயில் யாருக்கும் தெரியாமல் உள்ளங்கையை வைத்தார். குழாய் சும்மா இருந்தது. மரத்தைப் பார்த்தார். மூன்று தட்டுக்கும் மூன்று தடவை, ஒன்பதாம் நம்பர் டோக்கன் மட்டும் துள்ளியது. பக்கத்திலிருந்த வெள்ளித்தாள் அசையவில்லை.

ஏழு மணி.

ஷெட்டுக்கு நடந்தால் அரைமணி. ஓடினால் கால்மணி. பதினாறு போல்ட்டைக் கழற்றப் பத்து நிமிஷம். மறதி இருமிக்கொண்டே வெளியே வருவான். அப்புறம்? உள்ளே ஆள் இருக்கும்போது மூடியைப் போட்ட வாசல்காரனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? போலீசும் வரும். இவர் உட்கார்ந்திருந்தார். வயரைக் கிளைக்குச் சுற்றினார். பிரித்தார். மறுபடியும் சுற்றினார்.

எட்டு மணிக்கு மச்சான் தன் டோக்கனைக் கழற்றிக்கொண்டு கிளம்பினான். "மாமா, ஷெட் பக்கமாத்தான் போறேன். ஏதாவது சொல்லணுமா?"

கேட்டீர்களா. அவனாகவே கேட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றார் வாசல்காரர்.

தட்டு இப்போது மெதுவாக வந்தது. டக்... டக்... நீண்ட நேரம் கழித்து, டக். சோறு போட்டாள், எல்லாரும் சாப்பிட்டார்கள். அவரும் சாப்பிட்டார். ஒன்பது மணி வாக்கில் சத்தம் தட்டு மாதிரியே இல்லை. நகத்தால் தகரத்தைச் சுரண்டுவது மாதிரி. மனைவி ஊசியில் நூலைக் கோத்தபடி கேட்டாள். "ஏங்க, ஒன்பதாம் நம்பர் யாருங்க?"

அவர் எழுந்துபோய் அந்த டோக்கனைக் கிளையிலிருந்து பிடுங்கினார்.

சத்தம் நின்றது. கத்தியால் அறுத்த மாதிரி நின்றது.

பாயில் படுத்திருந்த குட்டி கண்ணை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்பது வெளிய வந்துட்டாராப்பா?"

"வந்துட்டாரு."

"அப்ப கதவச் சாத்தலாமா?"

"சாத்தலாம்."

கதவைத் தாழிட்டார். டோக்கனைக் கால்சட்டைப் பையில் போட்டார். விளக்கை அணைத்துப் படுத்தார். வாடை மட்டும் போகவில்லை. கதவுப் பக்கமிருந்து வந்தது. கண் செருகுகிற நேரத்தில் மகள் அவர் தோளைச் சுரண்டினாள்.

"அப்பா... அவரு டோக்கன் கேக்குறாரு."

"யாரு?"

"வெளிய வந்தவரு. அது இல்லாம உள்ள எப்படி வர்றதுன்னு கேக்குறாரு. பாவம்பா. என்னோடத வேணா குடுக்கட்டுமா?"

"குடு, குடு. மொதல்ல தூங்கு."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாயாலேயே சொன்னார்.

விடிகாலை ஐந்தேகாலுக்கு, யாரும் எழுவதற்கு முன்னால் கிளம்பினார். இருட்டில் கால்சட்டையை மாட்டி, தன் ஒன்றாம் நம்பரைத் தடவி எடுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்தினார். ராத்திரி முழுக்க ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். டோக்கன் செத்தவன் பையிலேயே இருந்தால்? டோக்கனை மாட்டாமல் உள்ளே போனான் என்று ஆகும். பலகை காலியாக இருந்தது, வாசல்காரன் மூடினான், அவன் மேல் என்ன தப்பு? பழி செத்தவன் தலையோடு போய்விடும். செத்தவன் திருப்பிப் பேச மாட்டான் என்பது அவர் நினைப்பு.

வாட்ச்மேன் டீ குடிக்கப் போகிற நேரம். ஷெட்டில் யாரும் இல்லை. பதினாறு போல்ட்டையும் கழற்றி மூடியை இழுத்ததும் ஒரு கை வெளியே விழுந்தது.

மறதி மூடியோடு ஒட்டிக் கிடந்திருக்கிறான். சுத்தியலின் பிடி உடைந்திருந்தது. மூடியின் உட்பக்கத்தில் குழிகள்... மூன்று மூன்றாக. வாசல்காரர் விரலால் தடவிப் பார்த்தார். மேலே ஆழமான குழி. கீழே வர வர ஆழம் குறைந்தது. கடைசியில் இருந்தவை குழியே இல்லை, வெறும் கீறல்.

பையிலிருந்து டோக்கனை எடுத்தார். விளக்கைப் போட்டு அதைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? தொடைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. செத்தவனின் சட்டைப் பையில் செருகினார். கையை மடித்து உள்ளே தள்ளினார். மூடியைப் போட்டார். மறுபடியும் பதினாறு.

ஏழரைக்கு ஆட்கள் வந்தார்கள். மறதியின் பெண்சாதியும் வந்தாள், கையில் டிபன் டப்பா. ராத்திரி வீட்டுக்கு வரவில்லை, மறுபடியும் டபுள் ஷிப்டோ என்று நினைத்தாளாம். எஞ்சினியர் வாசல்காரரைப் பார்த்தார்.

"பலகை காலியா இருந்துச்சு சார்" என்றார் வாசல்காரர். "நான் பாத்துட்டுத்தான் மூடுனேன்."

திறந்தார்கள். அதைச் சொல்ல வேண்டாம். அவள் டப்பாவைக் கீழே வைக்கக்கூட இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பையைத் தடவிய ஃபிட்டர், "டோக்கன் பையிலேயே இருக்கு சார்" என்றான். "மாட்டாமலே உள்ள போயிருக்கான்."

"இல்லீங்க" என்றாள் அவள். அழாமல்தான் சொன்னாள். "எடுக்கத்தான் மறப்பாரு. மாட்ட மறந்ததே கெடையாது. அத மாட்டாம உள்ள போனா உசுரு போயிரும்னு பயப்படுவாரு."

எஞ்சினியர் டோக்கனை வாங்கி, கரியைக் கட்டைவிரலால் தேய்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நாலு" என்றார். "இது யாரோடது?"

நான்காம் நம்பர்காரன் கூட்டத்தில்தான் நின்றான். தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "என்னோடது இங்க இருக்கே சார்."

வாசல்காரர் ஓடிக்கொண்டிருந்தார்.

சாம்பல் மேட்டு ரோடு. காலை வெயில். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். பின்னால் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. ஒரு செருப்பு எங்கேயோ போய்விட்டது.

வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. மனைவி தைத்துக்கொண்டிருந்தாள், தலையணை உறை. மூலையில் மரம் நன்றாக நின்றது. இரண்டாம் நம்பர் அதன் இடத்தில் தொங்கியது. நான்கு இருந்த கிளையில் ஒன்பது.

"குட்டி எங்க?"

"வெளையாடப் போயிருப்பா, லீவுதானே" என்றாள், தலையைத் தூக்காமல். "ஆறு மணிக்குத் தண்ணி பிடிச்சுட்டு வந்து பாத்தேன், அவ டோக்கன் மரத்துல இல்ல. ஒரு குரல் குடுத்தேன், சத்தமில்ல. சரி, போயிட்டான்னு... ஏங்க, இந்த ஒன்பத நீங்களா மறுபடியும் மாட்டுனீங்க?"

அவர் மரத்தைப் பார்க்கவில்லை. மிஷினைப் பார்த்தார். மிஷின் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"மிஷின எப்ப மேல வெச்ச?"

"அப்பவேதான். பெட்டி மூடித்தான் கெடந்துச்சு. இன்னைக்கு உறையெல்லாம் குடுக்கணும், தைக்க வேணாமா?" துணியைத் திருப்பிப் போட்டாள். ஊசியைத் தூக்கிவிட்டாள். "மாடிக்காரங்ககிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. காலையிலயும் அந்தப் பைப்பு ஆரம்பிச்சிடுச்சு. மூணு மூணா. மிஷின் சத்தத்தையும் மீறிக் கேக்குது. இப்பத்தான்... நீங்க உள்ள வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நின்னுச்சு."